அன்புராசா கழற்ற மறுத்த கூரை

1925 ஒக்ரோபர் 6 – 310 பவுண்
1926 மே 29 – 41,200 டொலர்
1951 செப்ரெம்பர் 14 – 78,000 டொலர்
1994 யூன் 30 – 1 டொலர்
2002 ஏப்ரல் 8 – மணித்தியாலத்துக்கு 9 டொலர் 50 சதம்
2023 மார்ச் 21 – 640,000 டொலர்
2023 நவம்பர் 17 – தொகை இல்லை

மேலே உள்ள ஏழு வரிகளில் ஆறு ஒரு வீட்டினுடையவை. ஐந்தாவது வரி ஒரு மனிதருடையது. அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். வீட்டை விட்டுவிட்டு அவரைச் சொல்ல முடியாது என்பதால் மற்ற ஆறும் வேண்டியிருந்தன. முதல் வரி எனக்குக் கடைசியாகத் தெரியவந்தது.

ஸ்காபரோவின் தெற்கு ஓரத்தில், ஏரிக்கரை மேட்டுக்குச் சற்று உள்ளே, ஹாஸ்கெற் மாளிகை என்று ஒரு வீடு இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதைக் கோட்டை என்பார்கள். கலியாணப் படம் எடுக்க வருகிறவர்களும் அப்படித்தான் கேட்டு வருவார்கள். செங்கல் சுவர், செங்குத்தான கூரை முகப்புகள், முறுக்கிய கயிறு போலச் செங்கல்லால் கட்டிய ஐந்து புகைபோக்கிகள், ஈயப் பட்டிகளால் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்த கண்ணாடி யன்னல்கள். எட்வின் ஹாஸ்கெற் என்ற பொத்தான் உற்பத்தியாளர் இதைக் கட்டுவித்தார். அவருடைய தகப்பன் இங்கிலாந்தில் ஆர்ன்கோட் என்ற கிராமத்து மாளிகையில் குதிரை பார்த்தவர். மகன் கனடாவுக்கு வந்து பணம் சேர்த்ததும், தகப்பன் வேலைக்காரர் வாசலால் மட்டும் நுழைந்த வீட்டைப் போல ஒன்று தனக்கு வேண்டும் என்று நினைத்திருக்கிறார். 1926ஆம் ஆண்டு மே மாதத்துக் கட்டட அனுமதிப் பத்திரத்தில், ‘பழைய ஆங்கிலப் பாணியில் புதிய வீடும் மண்டபமும், 41,200 டொலர்’ என்று இருக்கிறது. 1951இல் கன்னியாஸ்திரிகள் வாங்கினார்கள். 1994இல் அவர்கள் ஒரு டொலருக்கு ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டின் மேற்குப் பக்கத்தில் ஒட்டி நிற்பது மண்டபம். நீளம் நாற்பத்திரண்டு அடி, அகலம் இருபத்தொரு அடி. ஒரு முனையில், பழைய காலத்துப் பிரபு குடும்பத்தோடு இருந்து சாப்பிடுவதற்கென்று ஒரு படி உயர்த்திய மேடை. மறுமுனையில் செதுக்கு வேலை செய்த மரத்தடுப்பு. அதில் இரண்டு வாசல்கள், ஒன்று பாண் வைக்கும் அறைக்கு, மற்றது பீப்பாய்கள் வைக்கும் அறைக்கு. மேலே நிமிர்ந்து பார்த்தால் கறுத்த ஓக் மரங்கள், ஆறு பெரிய முக்கோணச் சட்டகங்களாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் குரலைத் தாழ்த்துவார். பிறகு போனை எடுப்பார்.

அன்புராசா இந்த வீட்டுக்குக் காவலாளியாக வந்தது 2002 ஏப்ரல் 8, திங்கட்கிழமை. மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர். கனடாவுக்கு வந்தது முந்திய வருடம். மனைவி பேர்ணடெற்றின் தமையன் பொறுப்பு நின்று எடுத்தவர். வேலையோடு சேர்ந்து இருப்பிடமும் கிடைத்தது: மாளிகையின் வாயிலருகே இரண்டு அறைகள் கொண்ட சின்னக் கல்வீடு. அதில் இருபத்தொரு வருடம் இருந்திருக்கிறார்கள். தன் வாழ்நாளில் ஒரே கூரையின் கீழ் அவ்வளவு காலம் இருந்தது இதுதான் முதல்தரம் என்று அவர் ஒருமுறை சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

நான் அங்கே போகத் தொடங்கியது 2008இல். யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு, ஸ்காபரோ மாடிக்குடியிருப்பில் சும்மா இருக்க முடியவில்லை. மாளிகையில் பழைய பத்திரங்களை ஒழுங்குபடுத்தத் தொண்டர் தேவை என்று நூலகத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. திங்கள் தோறும் பஸ் எடுத்துப் போவேன்.

அன்புராசா மண்டபத்துக்குள் சப்பாத்தோடு நடக்கமாட்டார். தடித்த கம்பளிக் காலுறை போட்டிருப்பார், கோடையிலும். எலி வந்து மரத்தில் பல் வைக்கும் என்று மண்டபத்துக்குள் ஒரு பிஸ்கற்றுக்கூட உடைக்க விடமாட்டார். பலத்த காற்று அடித்த அடுத்த நாள் காலையில், நடுச் சட்டகத்தின் கீழ் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு ஒவ்வொரு மரத்தின் சத்தமும் தெரியும். பேர்ணடெற் இதைப்பற்றி என்னிடம் முறைப்பட்டதுண்டு.

“உவருக்கு என்ர தலைவலி தெரியாது அண்ணை. உந்த மரத்தின்ர தலைவலி தெரியும்.”

கலியாணக்காரர் வரும் சனிக்கிழமைகளில்தான் அவருக்கு உண்மையான வேலை. சோடனைக்காரர் பூச்சரம் தொங்கவிட மரத்தில் கொளுக்கி அடிக்கப் பார்ப்பார்கள். ஒருமுறை பிக்கரிங்கிலிருந்து வந்த ஒருவர் மின்துளைக்கருவியோடு ஏணியில் ஏறிவிட்டார். அன்புராசா சத்தம் போடவில்லை. ஏணியின் அடியில் போய் நின்று, “தம்பி, ஒரு ஓட்டை போட்டியளெண்டா நான் ஏணியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போயிடுவன்” என்றார். பிறகு தானே ஏறி, வலைக்காரர் போடும் முடிச்சில் கயிற்றுத் தடம் போட்டு, ஓர் ஆணியும் இல்லாமல் பூச்சரம் முழுவதையும் தொங்கவிட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தச் சோடனைக்காரர் வரும்போதெல்லாம் கயிறு கொண்டு வருவார்.

இனி நான் விட்ட முதலாவது பிழையைச் சொல்லவேண்டும்.

2009 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, அன்புராசா மின்குமிழ் மாற்றிவிட்டு இறங்கி வந்து, கையைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: “அண்ணை, உது கழட்டிக் கொண்டு வந்து பூட்டின கூரை. உந்த மரமெல்லாம் வேற எங்கையோ நிண்டது.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். வெட்டு இருக்கிறது என்றார். நான் அனுமதிப் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். ‘புதிய வீடும் மண்டபமும்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பேப்பர் சொன்னாச் சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. ஆனால் திங்கட்கிழமை நான் வாசலால் நுழையும்போது, “என்னண்ணை, இண்டைக்குப் பேப்பர் என்ன சொல்லுது?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் அதை வணக்கமாகவே எடுத்துக்கொண்டேன். 2011இல் வீட்டைப் பற்றி இருபத்துநான்கு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதினேன். அறக்கட்டளை அதை அச்சிட்டு வாசலில் வைத்தது. ஏழாம் பக்கத்தில், ‘மண்டபம் 1926இல் பழைய பாணியைப் பின்பற்றிக் கட்டப்பட்டது’ என்று எழுதியிருந்தேன்.

2023 மார்ச் 21இல் பொறியியலாளர்களின் அறிக்கை வந்தது. மண்டபத்துக் கூரையின் மரங்கள் சில சுவருக்குள் செருகும் இடத்தில் உக்கிவிட்டன. திருத்த 640,000 டொலர் வேண்டும். அறக்கட்டளையிடம் அதில் பத்தில் ஒன்றுகூட இல்லை. வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு மண்டபத்தை இடித்துவிடலாம், மேற்குப் பக்கத்துக் காணியையும் வாயில் வீட்டையும் மாடிக்குடியிருப்புக் கட்டுகிறவர்களுக்கு விற்கலாம் என்பது அறிக்கையின் யோசனை. மண்டபம் வெறும் போலி. மரபுரிமைப் பெறுமதி இல்லை. அதற்குச் சான்று என்னவென்று பார்த்தேன்.

அறக்கட்டளையின் அலுவலகத்தை நடத்துகிறவர் நிரோஷினி. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, முப்பத்துநாலு வயது. அவர்தான் அறிக்கையை என் முன்னால் வைத்தார்.

“அங்கிள், சொறி. ரிப்போட்ல உங்கட புக்லெற்றைத்தான் குவோட் பண்ணியிருக்கினம். பேஜ் செவன்.”

மே 2ஆம் திகதி நிரோஷினி அன்புராசாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நானும் இருந்தேன். இடிப்பதற்கு முன் விற்கக்கூடிய மரங்களைக் கழற்றவேண்டும், ஒப்பந்தக்காரருக்குப் பக்கத்தில் நின்று எது எது என்று காட்ட வீட்டைத் தெரிந்த ஆள் வேண்டும், அதற்கு மேலதிகச் சம்பளம் உண்டு என்று மேலிடம் சொல்லச் சொன்னதை அவர் சொன்னார். சொல்லும்போது மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்புராசா முழுவதையும் கேட்டார்.

“பிள்ளை, நான் அஞ்சு தரம் கூரை கழட்டின ஆள். ஆறாவதைக் கழட்ட மாட்டன். நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ.”

அந்த ஐந்து கூரைகளின் கதையை எனக்குப் பேர்ணடெற்தான் சொன்னார், வாயில் வீட்டின் சின்னக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு. 1990இலிருந்து 1999 வரை அவர்கள் ஐந்து தரம் இடம்பெயர்ந்தார்கள். சுவரைக் கொண்டுபோக முடியாது, கூரையைக் கொண்டுபோகலாம். ஓடு, சலாகை, கைமரம், வளை, கதவு நிலை எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவார்கள். புது இடத்தில் மண்சுவர் எழுப்பி அந்தக் கூரையைத் திரும்பப் பூட்டுவார்கள். ஊரெல்லாம் அப்படித்தான் செய்தது. கழற்றும்போது எந்த மரம் எந்த இடத்தது என்று தெரியாமல் போனால் திரும்பப் பூட்டும்போது ஒன்றும் ஒன்றில் பொருந்தாது. அதனால் அன்புராசா ஒவ்வொரு மரத்தின் அடியிலும் கத்தியால் வெட்டுப் போடுவார்: கிழக்குப் பக்கத்துக்கு நேர் வெட்டு, மேற்குக்குச் சரிந்த வெட்டு. கரியால் எழுதினால் மழையில் போய்விடும். ஐந்தாவது தரம் கழற்றியபோது சில மரங்களில் பழைய நாலு வெட்டுகளும் இருந்தனவாம்.

மண்டபம் போனால் வாயில் வீடும் போகும். அது அவர்களுக்கு ஆறாவது. பேர்ணடெற் இதை அழாமல்தான் சொன்னார். ஸ்காபரோவில் ஓர் அறைக்கு இப்போது என்ன வாடகை என்றும் கேட்டார்.

அடுத்த திங்கள், மே 8, நான் அன்புராசாவிடம் போய் அந்த வெட்டைக் காட்டும்படி கேட்டேன். பதினான்கு வருடம் பிந்திக் கேட்கிறேன் என்பது இருவருக்கும் தெரியும். அவர் சாவிக் கொத்தை எடுத்தார். பொறியியலாளர்கள் பரிசோதனைக்குக் கட்டிய சாரம் இன்னும் நின்றது; அதில் முப்பத்தொரு படிகள். எண்பது வயதில் ஏறினேன். அவர் ஒரு கையால் என் இடுப்புப்பட்டியைப் பிடித்தபடி பின்னால் வந்தார்.

மேலே, மரமும் மரமும் சேருகிற ஒவ்வொரு மூட்டிலும், உளியால் வெட்டிய கோடுகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, குறுக்கே வெட்டியது, சரித்து வெட்டியது, ரோம இலக்கங்கள். கீழே நின்று பார்த்தால் தெரியாது. அவற்றின் மேலே, வேறொரு காலத்தில், சிவப்பு மையால் எழுதிய எண்கள் மங்கிப்போய்க் கிடந்தன.

“முதல் வெட்டு, செய்த தச்சன் போட்டது. சிவப்பு, கழட்டினவன் போட்டது” என்றார். பிறகு கூரையின் உச்சியில் ஒரு கைமரத்தை விரலால் தேய்த்து என் மூக்குக்குக் கிட்டக் கொண்டு வந்தார். புகைக் கரி. “இஞ்ச நெருப்புக்கு எல்லாம் சிம்னி இருக்கு. உந்தக் கரி எங்கயிருந்து வந்தது? நடு வீட்டில, நிலத்தில அடுப்பு மூட்டிப் பல காலம் எரிச்சிருக்கினம். பேப்பரில இருக்கோ உது?”

புத்தகங்களில் பார்த்தேன். சரிதான். பழைய ஆங்கில மாளிகைகளில் மண்டபத்தின் நடுவே திறந்த அடுப்பு எரியும். புகைபோக்கி பின்னால் வந்த பழக்கம். ஹாஸ்கெற் ஒரு போலியைக் கட்டவில்லை. தகப்பன் வேலை செய்த ஆர்ன்கோட் மாளிகை இடிபட்டபோது அதன் மண்டபத்தை விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து பூட்டியிருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டேன். அனுமதிப் பத்திரத்துக்கு அது புதுக் கட்டடம்தான். கொண்டுவந்ததற்குத்தான் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

அன்புராசா சாரத்தில் ஏறி ஒவ்வொரு மரத்தின் வெட்டையும் பார்த்து, தேவாலய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். ஐந்து வாரம் எடுத்தது. யூன் 12ஆம் திகதி பதினொரு தாள்களை என்னிடம் தந்தார். மொத்தம் 148 மரங்கள். நான் அதை அட்டவணையாக நல்ல கையெழுத்தில் பிரதி செய்தேன்.

தொண்ணூற்று மூன்றாவது மரத்துக்கு எதிரே அவர் ஒன்றும் எழுதாமல் ஒரு சுழி மட்டும் போட்டிருந்தார். வடக்குப் பக்கத்துத் தாங்குமரங்களில் ஒன்று. அதற்கு முந்திய மரத்தின் வெட்டு பதின்மூன்று, அடுத்ததினது பதினைந்து. மேலே வெளிச்சம் போதாது, கண் தவறவிட்டிருக்கும் என்று நினைத்தேன். பதினான்குக்குரிய கோடுகளை அந்தக் கட்டத்தில் நானே போட்டேன். காணிப் பதிவகத்தில் ஓர் எல்லை விடுபட்டிருந்தால் பக்கத்துக் காணியின் உறுதியைப் பார்த்து நிரப்புவோம். முப்பத்தொரு வருடப் பழக்கம். அவரிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

ஆர்ன்கோட்டில் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் ஒன்று இருப்பதை நிரோஷினி கண்டுபிடித்தார். மின்னஞ்சல் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. ஒரு தபால் முகவரி மட்டும். செயலாளர் மிஸ் பெல்ஹம் என்ற முதிய பெண். யூன் 19இல் என் அட்டவணையோடு கடிதம் அனுப்பினோம்.

பதில் வருமுன் நகரசபையின் விசாரணை வந்துவிட்டது. செப்ரெம்பர் 18. அன்புராசா தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் தமிழில் சொன்னதை நிரோஷினி ஆங்கிலத்தில் சொன்னார். வெட்டுகள், சிவப்பு எண்கள், கரி எல்லாவற்றின் படங்களையும் காட்டினார்கள். அறிக்கை எழுதியவர், பழசாகத் தெரியவேண்டும் என்று 1926இலேயே கோடு வெட்டிக் கறுப்புப் பூசியிருக்கலாம் என்றார். குழுவில் ஒருவர் அன்புராசாவிடம், நீங்கள் கட்டடக் கலை படித்தவரா என்று கேட்டார், மரியாதையாகத்தான். இல்லை, ஐந்து வீடு கழற்றியவன் என்று அவர் சொன்னார். நிரோஷினி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அதை மொழிபெயர்த்தார்.

குழு அறுபது நாள் தவணை தந்தது. இங்கிலாந்திலிருந்து எழுத்துச் சான்று, மூலப் பிரதியாக, நவம்பர் 17க்குள் வந்தால் மண்டபம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகும். பழுதுபார்க்க அரசாங்க உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். வராவிட்டால் இடிக்க அனுமதி. வெளியே வந்ததும் அன்புராசா என்னைப் பார்த்து, “இப்ப உங்கட முறை அண்ணை. பேப்பரைக் கொண்டு வாங்கோ” என்றார்.

செப்ரெம்பர் 28, வியாழக்கிழமை, மிஸ் பெல்ஹமின் பதில் வந்தது. நல்ல கையெழுத்து. ஆர்ன்கோட் மாளிகையை இடித்த ஒப்பந்தக்காரரின் மரப் பட்டியல் சங்கத்திடம் இருக்கிறது. நாங்கள் அனுப்பிய அட்டவணையோடு மிகவும் ஒத்துப்போகிறது. ஆனால், வருத்தத்தோடு எழுதுகிறேன், உங்களுடையது எங்கள் மண்டபம் அல்ல. வடக்குப் பக்கத்துப் பதினான்காவது தாங்குமரம் இறக்கும்போது முறிந்துவிட்டது. அது கிராமத்தை விட்டுப் போகவேயில்லை. மிஞ்சிய துண்டு தேவாலயத் தோட்டத்துக் கொட்டிலின் வாசலுக்கு மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் வெட்டிய எண்ணை இன்றைக்கும் பார்க்கலாம். உங்கள் கூரையிலோ பதினான்கு இருக்கிறது. ஒரே தச்சர்கள் பல மாளிகைகளுக்கு வேலை செய்திருப்பார்கள். உங்களுடையது அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மூன்றாவது தரம் வாசிக்கத் தேவையிருக்கவில்லை. பதினொரு நாட்காட்டித் தாள்களையும் எடுத்து விரித்தேன். தொண்ணூற்று மூன்றுக்கு எதிரே சுழி.

அன்றைக்கே பஸ் எடுத்து வாயில் வீட்டுக்குப் போனேன். அன்புராசா முற்றத்து இலைகளைக் கூட்டிக்கொண்டு நின்றார். வியாழக்கிழமை என்னைக் கண்டதும் தும்புத்தடியைச் சாத்திவிட்டு வந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: அவர் வெறுமையாக விட்டதை நான் நிரப்பியதையும், அவரிடம் கேட்காததையும், அந்த ஓர் எண்ணால் மண்டபம் போகப்போகிறது என்பதையும்.

அவர் கூட்டிய இலைக் குவியலைக் காலால் ஒதுக்கினார்.

“இல்லாததை இல்லையெண்டு எழுதினா, பேப்பர் குறைஞ்சு போகுமோ அண்ணை?”

நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“நான் பாக்காமலோ சுழி போட்டனான்? அது இங்கத்தைப் பைன் மரம். வெட்டும் இல்லை, சிவப்பும் இல்லை, கரியும் இல்லை. கறுப்புப் பெயின்ற் அடிச்சிருக்கு. ஒண்டு குறைஞ்சு போச்செண்டு இஞ்ச புதுசா வெட்டிப் போட்டிருக்கிறாங்கள்.” சொல்லிவிட்டு, கொஞ்சம் தணிந்து, “என்ர மூண்டாவது கூரையில ஒரு கைமரம் வழியில விழுந்து போச்சு. நானும் வேற தடிதான் போட்டனான். மாமா அதிலயும் வெட்டுப் போடச் சொன்னார். நான் போடேல்லை. போனது போனதுதானே” என்றார்.

பேர்ணடெற் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“இஞ்சேருங்கோ, எண்பது வயசு மனுசனை வெளியில நிப்பாட்டி வைச்சுக்கொண்டு பேசிறியள். உள்ளுக்கு வாங்கோ அண்ணை. உவர் இருவத்தொரு வருசத்தில எத்தினை தரம் சாவியைத் துலைச்சவரெண்டு நான் எழுதி வைச்சிருக்கிறன். வாசிச்சுக் காட்டுறன்.”

அவர் அப்படி ஒன்றும் எழுதிவைத்திருக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். மீன் கட்லற் தந்தார். இரண்டு சாப்பிட்டேன்.

இரண்டாவது கடிதத்தை அன்புராசாவின் வீட்டு மேசையிலேயே எழுதினேன். பிழை என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். காவலாளி பார்த்ததை அவர் பார்த்தபடி எழுதினார், பிரதி செய்தவன் இல்லாத எண்ணைச் சேர்த்துவிட்டான். ஓக் மரங்கள் 147, பைன் ஒன்று. தொண்ணூற்று மூன்றாவது மரத்தின் படங்களையும், இந்தமுறை என் அட்டவணை இல்லாமல், அவருடைய பதினொரு தாள்களின் நிழற்பிரதிகளையும் வைத்தேன். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஒக்ரோபர் 3, செவ்வாய்க்கிழமை, பதிவுத் தபாலில் போட்டேன். பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது.

ஒக்ரோபர் போயிற்று. பதில் இல்லை. மிஸ் பெல்ஹமுக்கு வயது எண்பத்தொன்று என்று முதல் கடிதத்தில் இருந்தது. சுகமில்லாமல் இருக்கலாம் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம், ஒருவரும் சொல்லவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து காணியில் செம்மஞ்சள் நிறத்தில் கோடு அடித்துவிட்டுப் போனார்கள். கோடு வாயில் வீட்டின் படியைத் தொட்டுக்கொண்டு போனது. பேர்ணடெற் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினார். பெட்டி அடுக்குவதில் அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அன்புராசா வழமைபோல மண்டபத்தைக் கூட்டினார். யன்னல் ஈயப்பட்டிகளைத் துணியால் துடைத்தார். உக்கிய மரத்தின் கீழே முண்டு கொடுத்துவைத்த கட்டையைத் தினமும் தட்டிப் பார்த்தார். இடிக்கப்போகும் மண்டபத்தை ஏன் துடைக்கிறீர் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமைகளில் அவரும் பேப்பர் என்ன சொல்லுது என்று கேட்பதை நிறுத்தியிருந்தார்.

பிறகு நான் தினமும் போகத் தொடங்கினேன். தபால்காரப் பெண் பதினொன்றரைக்கு வருவார். கடைசியில் ஒருநாள், நிரோஷினி அலுவலகத்திலிருந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடி வந்தார். மற்றக் கையில் நீளமான தடித்த உறை. அன்புராசா சாரத்தின் மேலே இருந்தார். இறங்கி வரும்வரை உறையை உடைக்கவில்லை. அவர் பெயருக்குத்தான் வந்திருந்தது.

உள்ளே மூன்று சாமான்கள். இடித்த ஒப்பந்தக்காரரின் பட்டியல், சங்கத்தின் முத்திரையும் கையொப்பமும் வைத்தது: ஓக் மரங்கள் 147, ஹாஸ்கெற் என்பவருக்கு, ரொறன்ரோ, 310 பவுண், 1925 ஒக்ரோபர் 6. இரண்டாவது, மிஸ் பெல்ஹமின் கடிதம். இடுப்பு வலியால் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். கிராமத்தில் எல்லோரும் எங்கள் மண்டபம் எங்கே போயிற்று என்று தொண்ணூற்றெட்டு வருடம் யோசித்துக்கொண்டிருந்தோம். அதைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கும் உங்களுக்கு எங்கள் நன்றி. மூன்றாவது ஒரு மெல்லிய தாள். தேவாலயத் தோட்டத்துக் கொட்டிலின் வாசல் மரத்தில் அதை வைத்து, மேலே பென்சிலால் தேய்த்து அனுப்பியிருந்தார். சாம்பல் நிறத்துக்குள் வெள்ளைக் கோடுகளாகப் பதினான்கு.

அன்புராசா அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பச் சாரத்தில் ஏறினார். நாங்கள் கீழே நின்று பார்த்தோம். தொண்ணூற்று மூன்றாவது மரத்தில் அதை வைத்து, உள்ளங்கையால் நீவிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

“எண்டாலும் ஒட்ட மாட்டன் அண்ணை” என்றார் மேலேயிருந்து. “உதின்ர இடம் அங்கதான்.”

இறங்கி வந்து தாளை மடிக்காமல் என்னிடம் தந்தார். உறையை அன்றைக்கே நகரசபையில் நிரோஷினி நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினார். நவம்பர் 17இல் குழு மண்டபத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக்கியது. மண்டபம் நிற்கிறது. அரசாங்க உதவியோடு வந்த பழுதுபார்க்கிறவர்கள் மரத்தைக் கழற்றாமலே உக்கிய முனைகளை மட்டும் மாற்றினார்கள். அன்புராசா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் காட்டினார், மேலதிகச் சம்பளம் வாங்கவில்லை. பேர்ணடெற் பாத்திரங்களைச் செய்தித்தாளிலிருந்து அவிழ்த்துத் திரும்ப அடுக்கினார். புத்தகத்தின் ஏழாம் பக்கத்தைத் திருத்தி எழுதி, அச்சுக்குக் கொடுக்குமுன் அன்புராசாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அங்கே, கடைசிக் கடிதம் வந்த நாளையும் போடுங்கோ என்றார்.

போட்டேன்: 2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை.